எதுக்கு சார் சண்டை போடுறாங்க?

(கடலூரில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று நாள்களாகக் கற்றல் விளைவுகள் பற்றியும் வினாத்தாள் வடிவமைப்பு பற்றியும் கேட்டுக் களைத்திருப்பீர்கள். மதிய உணவுக்குப் பிறகான அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பெரிய தலைப்பு எதையும் எடுக்காமல், நான் வகுப்பறையில் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு மார்ச் 20, வியாழக்கிழமை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன். அன்று காலை நாம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பாக்தாத் மீது முதல் குண்டுகள் விழுந்தன. தொலைக்காட்சி பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் நான் நுழைந்தபோது இரண்டு பையன்கள் கைகலக்கும் நிலையில் நின்றார்கள்.

ஒருவன் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வருகிறவன். "எல்லாம் எண்ணெய்க்காகத்தான். அந்த ஊரு எண்ணெயை எடுக்கத்தான் சண்டைக்குப் போறாங்க" என்றான். இன்னொருவனுடைய அப்பா குவைத்தில் ஓட்டுநர். வகுப்பில் அவனுக்குப் பெயரே குவைத்துதான். அவன், "1990ல சதாம் குவைத்துக்குள்ள புகுந்தப்ப எங்க அப்பா சம்பாதிச்சதெல்லாம் போட்டுட்டு ஜோர்டான் வழியா ஓடி வந்தாரு. அந்த ஆள அடிச்சா என்ன தப்பு?" என்றான். அந்த ஆண்டு சுமார் 1,70,000 இந்தியர்களை அம்மான் நகரத்திலிருந்து விமானத்தில் அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவன் அப்பா.

நான் என்ன செய்தேன்? மேசையைத் தட்டினேன். "இதெல்லாம் பெரியவங்க அரசியல். ஆண்டுத்தேர்வு வருது. புத்தகத்தை எடுங்க" என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். குவைத்து மட்டும் உட்காரவில்லை. "எதுக்கு சார் சண்டை போடுறாங்க? நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டான். "அது பாடத்துல இல்லப்பா" என்றேன்.

அடுத்த சில நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். தேர்வு முடிந்த பிறகுதான் தெரிந்தது. போர் தொடங்கியதும் ஈராக்கிலிருந்து குவைத்தை நோக்கி ஏவுகணைகள் பாய்ந்தன. அவன் தன் அம்மாவோடு எஸ்.டி.டி. பூத் வாசலில் அப்பாவின் அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறான். அவர் நலமாகத்தான் இருந்தார். ஆனால் அது தெரியவே நான்கு நாள் ஆகியிருக்கிறது. அவன் என்னிடம் கேட்டது பொது அறிவுக் கேள்வி என்று நான் எண்ணியிருந்தேன்.

அன்று நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று பயங்கள். நாம் அரசு ஊழியர்கள், வகுப்பில் அரசியல் பேசினோம் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்பது ஒன்று. ஏதாவது சொல்லப்போய் யாருடைய மதமோ கட்சியோ புண்பட்டுவிடுமோ என்பது இன்னொன்று. மூன்றாவது, உண்மையில் எனக்கே விடை தெரியாது. இந்த மூன்றும் நியாயமான பயங்கள்தான். உங்களுக்கும் இருக்கும். ஆனால் அந்தப் பையன் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டான். அதற்கு வழி சொல்வது நம் வேலை.

அந்த வழியை நான் கண்டுபிடித்தது அடுத்த கல்வியாண்டில். அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப்போர் பாடம். 'காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின' என்று ஒரு வரி வருமே, அதை விளக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இதுவும் அதே கேள்விதானே! எங்கோ நடக்கும் போர், அதை எதற்காக நடத்துகிறார்கள் என்று இங்கே நம் மக்களுக்குள் சண்டை. பாடத்தில் இல்லை என்று நான் சொன்னது பாடத்திலேயே இருந்தது.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டேன். 'சொன்ன காரணம்', 'சந்தேகப்பட்ட காரணம்', 'பின்னால் தெரிந்தது'. இன்றைக்கும் அதே மூன்று கட்டங்களை வைத்து உங்களோடு பேசுகிறேன்.

கடலூரில் முடிந்த அமெரிக்கப் போர்

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். தேவனாம்பட்டினம் போகிறவர்கள் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690இல் ஆங்கிலக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் சேர்த்து என்று ஒப்பந்தம். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இந்தக் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அதிகம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

1783 ஜூன் மாதம். கடலூருக்குள் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படையும், துணைக்கு மைசூர்ப் படையும் இருக்கின்றன. சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிடுகிறது. ஜூன் 20ஆம் தேதி கடலூருக்கு அப்பால் கடலில் சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பல்களும் மோதுகின்றன. கரையிலும் கடலிலும் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள். அவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்கள் இரு பக்கத்திலும் உண்டு. ஜூன் இறுதியில் ஒரு கப்பல் வெள்ளைக் கொடியோடு வருகிறது. என்ன செய்தி? பிரிட்டனும் பிரான்சும் ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. எப்போது? ஜனவரி 20ஆம் தேதி. ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துபோன போருக்காகக் கடலூரில் ஆள்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அது எந்தப் போர்? அமெரிக்க விடுதலைப் போர். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து எழுந்தன. 1778இல் பிரான்ஸ் அவர்களோடு சேர்ந்தது. அந்தச் சண்டை உலகம் சுற்றி வந்து, அதன் கடைசி மோதல்களில் ஒன்று நம் கடற்கரையில் நடந்தது.

இதைக் கட்டங்களில் போட்டுப் பாருங்கள். பிரான்ஸ் சொன்ன காரணம், அமெரிக்கர்களின் விடுதலைக்குத் துணை. சந்தேகப்பட்ட காரணம், ஏழாண்டுப் போரில் தோற்று 1763இல் இழந்ததற்குப் பழி வாங்கல். தன் நாட்டில் மன்னராட்சி நடத்திக்கொண்டு அடுத்த நாட்டின் விடுதலைக்குப் போராடுவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. பின்னால் தெரிந்தது என்ன? அமெரிக்கா விடுதலை பெற்றது உண்மை. பிரான்சின் கருவூலம் கடனில் மூழ்கியதும் உண்மை. அந்தக் கடன் 1789 புரட்சிக்கு இட்டுச் சென்ற காரணங்களில் ஒன்றானது. பிரிட்டனிலும் ஒரே குரல் இல்லை. அமெரிக்கர்களோடு சமரசம் செய்யுங்கள் என்று எட்மண்ட் பர்க் 1775இல் நாடாளுமன்றத்திலேயே வாதாடினார். போர் நடத்திய நாட்டுக்குள்ளேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'ஆங்கிலேயர்', 'பிரெஞ்சுக்காரர்' என்று முழு நாட்டையே ஒரே ஆளாக நினைத்துக்கொள்வார்கள்.

1939: ஒரே போர், ஐந்து பதில்கள்

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியச் சட்டமன்றங்கள் எதையும், தலைவர்கள் யாரையும் அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 14ஆம் தேதி காங்கிரஸ் செயற்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கேட்டது ஒரே ஒரு கேள்வி என்று சொல்லலாம். இந்தப் போரின் நோக்கம் என்ன? ஜனநாயகத்துக்காகத்தான் போரிடுகிறீர்கள் என்றால் அந்த ஜனநாயகம் இந்தியாவுக்கும் உண்டா? அக்டோபரில் வைஸ்ராயின் பதில் வந்தது. போர் முடிந்த பிறகு கலந்து பேசலாம் என்பதுதான் அதன் சாரம். அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள் 1937இல் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வானவர். நீல் சிலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவரும் அந்தக் காங்கிரஸ் அணியில் ஒருவர். ஆகவே இது டெல்லிச் செய்தி மட்டும் அல்ல, முதுநகர்ச் செய்தியும்கூட.

அந்தப் பத்தாம் வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தேன். காலம் 1939 முதல் 1942 வரை. இடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை. ஒவ்வொரு குழுவும் ஒரு தரப்பு.

முதல் குழு காங்கிரஸ். விடுதலை தருகிறோம் என்று உறுதி கொடுங்கள், பாசிசத்தை எதிர்க்கத் துணை நிற்கிறோம் என்பது அவர்கள் வாதம். இரண்டாம் குழு காந்தியடிகள் வழி. பிரிட்டன் மீது அவருக்குத் தனிப்பட்ட அனுதாபம் இருந்தது. ஆனால் ஆயுதத்தால் எந்தப் போருக்கும் துணை இல்லை. 1940 அக்டோபரில் வினோபாவைக் கொண்டு தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகம், போரை எதிர்த்துப் பேசும் உரிமைக்கான போராட்டமாகவே நடந்தது.

மூன்றாம் குழு நீதிக்கட்சி. பெரியார் அப்போது அதன் தலைவர். கட்சி பிரிட்டனின் போர் முயற்சியை ஆதரித்தது. ஹிட்லர் வென்றால் உலகம் என்னவாகும் என்பது அந்தக் குழுவினர் வைத்த வாதம். நான்காம் குழு கம்யூனிஸ்டுகள். முதலில் இது ஏகாதிபத்தியப் போர் என்றார்கள். 1941 ஜூன் 22இல் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு, அந்த ஆண்டின் இறுதியில், இது மக்கள் போர் என்றார்கள். ஐந்தாம் குழு சுபாஷ் சந்திர போஸ். எதிரிக்கு நெருக்கடி வந்த நேரமே நமக்கு நல்ல நேரம் என்பது அவர்கள் நிலை. மலேயா தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்ததையும் அந்தக் குழு எடுத்துச் சொன்னது.

ஒரே ஒரு விதி வைத்தேன். தன் வாதத்தைச் சொல்லும் முன், எதிர்த் தரப்பின் வாதத்தை அவர்கள் 'ஆமாம், அதுதான் நாங்க சொல்றது' என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்! பிறகு மெல்ல மெல்லப் பழகியது. எண்ணெய்க்காகப் போர் என்று சொன்ன அந்தப் பையன் நீதிக்கட்சிக் குழுவில் இருந்தான். ஒரு வாரம் நூலகத்திலேயே கிடந்தான்.

சிதம்பரத்தில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஆகஸ்டு போராட்டத்தில் அதன் மாணவர்கள் இறங்கினார்கள். திராவிட இயக்கத்தின் பிற்காலத் தலைவர்களான நெடுஞ்செழியனும் அன்பழகனும் அந்த 1940களின் தொடக்கத்தில் அங்கு படித்தவர்கள். கம்யூனிஸ்ட் தலைவராகி, பின்னால் நாடாளுமன்றம் சென்ற பாலதண்டாயுதமும் அங்கு படித்தவர்தான். அறிவோ நாட்டுப்பற்றோ குறைந்தவர்கள் இவர்களில் யார்? ஒரே வளாகத்தில் இத்தனை வழிகள் திறந்திருந்தன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒருவரே நிலை மாறியதும் உண்டு. ராஜாஜி 1939இல் பதவி விலகினார். 1940 கோடையில் தேசிய அரசு அமைத்தால் போருக்கு ஒத்துழைக்கலாம் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தோடு உடன்படாமல் ஒதுங்கி நின்றார். ஒரு மாணவி, "நாலு தடவ மாறியிருக்காரே சார்" என்றாள். "எந்தெந்தச் செய்தி வந்தப்ப மாறினாருன்னு தேதி போட்டு எழுதும்மா" என்றேன். எழுதிக்கொண்டு வந்த பிறகு அவள் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை. பிரான்ஸ் வீழ்ந்தது, ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்தது, வங்காள விரிகுடாவுக்குப் போர் வந்தது என்று தேதிகள் அவளுக்கே விளக்கிவிட்டன.

மூன்றாவது கட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் கவனம் தேவை. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டார்கள். எல்லா மக்களுக்கும் தாங்கள் விரும்பும் ஆட்சியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது அது. அடுத்த மாதமே சர்ச்சில் தன் நாடாளுமன்றத்தில், அந்தப் பகுதி முதன்மையாக நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்து எழுதியது, இந்தியாவின் நிலை வேறு என்று விளக்கம் தந்தார். நோக்கத்தைச் சந்தேகப்பட்டவர்கள் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

ஆனால் போர் முடிந்தபோது நாஜி வதை முகாம்களின் கதவு திறந்தது. சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது உலகத்துக்கு முழுமையாகத் தெரிந்தது. ஹிட்லரை எப்படியாவது தடுக்க வேண்டும் என்றவர்கள் சொன்னதும் வீண்போகவில்லை.

நான் அந்த வகுப்பில் கற்றது இதுதான். போர் நடத்துகிறவரின் நோக்கம் என்ன என்பது ஒரு கேள்வி. அந்தப் போர் தடுக்கும் தீமை எவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. நம் வீட்டுத் திண்ணையில், டீக்கடையில், செய்தித் தொலைக்காட்சியில் நடக்கும் வாதங்களில் பாதி, ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாம் கேள்விக்கும் பதில் சொல்வதால் வருவது. இரண்டு கேள்விகளையும் பிரித்து எழுதச் சொன்னாலே வகுப்பில் சத்தம் பாதியாகக் குறைகிறது.

நான்காவது கட்டம்

நான் மூன்று கட்டங்களோடு மனநிறைவாக இருந்தேன். ஒருநாள் குவைத்து எழுந்தான். "சார், சண்ட போட்டவங்க சொன்னத எழுதுறோம். எதிர்த்தவங்க சொன்னத எழுதுறோம். அங்க இருந்தவங்க சொன்னத எங்க எழுதுறது?" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. கரும்பலகையில் நான்காவது கட்டம் போட்டேன். 'நடுவில் மாட்டியவர்கள்' என்று அவனே பெயர் வைத்தான். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னேன். அப்போது எழுபது, எழுபத்தைந்து வயதில் இருந்தவர்கள் 1942இல் சிறு பிள்ளைகள். பிள்ளைகள் கொண்டுவந்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதமாக இருந்தன. மண்ணெண்ணெய் கிடைக்காத இரவுகள். பங்கீட்டு அரிசி. குண்டு விழும் என்று பட்டணத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய உறவினர். பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவரைப் பற்றி ஒரு பாட்டி. சம்பளம் வருமே என்று பட்டாளத்தில் சேர்ந்த பெரியப்பாவைப் பற்றி ஒரு தாத்தா.

அந்தப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேராக வளர்ந்தது. சுமார் 87,000 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பிரிட்டனின் நோக்கத்தை ஏற்றுச் சேர்ந்திருப்பார்கள்? ஒரு போருக்கு ஒரே நோக்கம் என்று இல்லை. கட்டளையிடுகிறவருக்கு ஒன்று, துப்பாக்கி தூக்குகிறவருக்கு வேறொன்று.

ஒரு மாணவன் கேட்டான். "எங்க பாட்டி என்ன எமடன்னு திட்டுது சார், அதுவும் இதுல வருமா?" வரும். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. எதற்காகச் சண்டை என்பது தெரியாமலேயே அந்தப் பெயர் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. நான்காவது கட்டத்துக்காரர்கள் வரலாற்றில் விட்டுச்சென்ற ஒரு சொல் என்று அதையும் எழுதிக்கொண்டோம்.

ஒரு சொல்லுக்காக நடந்த வாதம்

அந்த ஆண்டின் கடைசியில் பிள்ளைகளே கேட்டார்கள். "ஈராக்க இதுல போட்டுப் பாக்கலாமா சார்?" இந்தமுறை நான் மேசையைத் தட்டவில்லை.

சொன்ன காரணம், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன. 2003 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அதை வாதாடினார். சந்தேகப்பட்ட காரணம், எண்ணெயும் அந்தப் பகுதியின் மேல் ஆதிக்கமும். பிப்ரவரி 15ஆம் தேதி உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் வீதிக்கு வந்து போரை எதிர்த்தார்கள். அமெரிக்காவின் நட்பு நாடுகளான பிரான்சும் ஜெர்மனியும் உடன்படவில்லை. பிரிட்டனில் ராபின் குக் தன் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார்.

நம் நாட்டிலும் வாதம் நடந்தது. 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் ஈராக் மீதான இராணுவ நடவடிக்கை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. வாதம் எதில் தெரியுமா? ஒரு சொல்லில். கடுமையாகக் கண்டிக்க வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். அமெரிக்க உறவையும் பார்க்க வேண்டும் என்றது அரசு. கடைசியில் இந்தியில் 'நிந்தா' என்ற சொல்லில் எல்லோரும் உடன்பட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'டிப்ளோர்' என்ற சற்று மென்மையான சொல்லைப் போட்டார்கள். கண்டித்தோம் என்று ஒருவரும், வருந்தினோம் என்று மற்றவரும் சொல்லிக்கொள்ள முடிந்தது.

இங்கே தமிழாசிரியர்களும் இருப்பீர்கள். நிந்தனை, கண்டனம், வருத்தம், கவலை ஆகிய நான்கு சொற்களையும் கொடுத்து எது எவ்வளவு கடுமை என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நாளிதழ் படிக்கும் கண்ணே மாறிவிடும். அரசுகள் எடை போட்டுத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது பிள்ளைகளுக்குப் புரியும். அதே ஆண்டு ஜூலையில், ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப இயலாது என்று இந்தியா மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லில் மென்மையாக இருந்தவர்கள் செயலில் என்ன செய்தார்கள் என்பதும் ஒரு சான்று.

மூன்றாவது கட்டத்தை அந்த ஆண்டு எங்களால் நிரப்ப முடியவில்லை. பின்னால்தான் நிரம்பியது. 2004 அக்டோபரில் அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு, பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று அறிக்கை தந்தது. 2016 ஜூலையில் பிரிட்டனின் சில்காட் விசாரணைக் குழு, அமைதி வழிகள் தீரும் முன்பே போரில் இறங்கியதாகவும், ஆயுதங்கள் பற்றிய உறுதியான பேச்சுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் கூறியது. சொன்ன காரணம் பொய்த்தது. ஆனால் அதனாலேயே சந்தேகப்பட்ட காரணம் மெய்யாகிவிடாது. அதற்கும் தனியே சான்று வேண்டும். எண்ணெய் என்று சொன்ன பையனுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். சந்தேகம் நல்ல தொடக்கம். ஆதாரம் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டால் அதுவும் ஒரு நம்பிக்கைதான்.

நாளை காலை வகுப்பில்

இன்றைய பிள்ளைகள் போரைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2022இல் உக்ரைனில் மருத்துவம் படித்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் 'ஆபரேஷன் கங்கா'வில் திரும்பினார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் போர் என்று எதைச் சொல்வது?

என் அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்கள்.

பிள்ளை கேட்டால் 'பாடத்தில் இல்லை' என்று சொல்லாதீர்கள். இன்று நேரம் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பேசுவோம் என்று சொல்லி, சொன்னபடி பேசுங்கள். முதலில் வரைபடத்தை மாட்டுங்கள். எங்கே நடக்கிறது என்று தெரியாமல் யார் சரி என்று வாதிடக் கூடாது.

கைப்பேசியில் வந்த படத்தை யாராவது காட்டினால், இது எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். பழைய போரின் படம் புதிய போரின் பெயரில் சுற்றுவது வழக்கமாகிவிட்டது.

எந்தப் பிள்ளையையும் ஒரு நாட்டின், ஒரு மதத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளையிடம், 'உங்க ஊர்ல என்ன நடந்தது, சொல்லு' என்று எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றினால் தானாக வந்து சொல்லும். அப்போது கேட்க நாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கருத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். கருத்து வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மதிப்பெண் போடும் கை நம்முடையது என்பதால், நாம் சொன்னதும் விவாதம் முடிந்துவிடும். நான் "கடைசியில் சொல்கிறேன்" என்பேன். பெரும்பாலும் கடைசியில் யாரும் கேட்பதில்லை. அதற்குள் அவர்களுக்கே ஒரு கருத்து வந்திருக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டங்கள் வேண்டாம். 'இங்க குண்டு விழுமா மிஸ்?' என்றுதான் அது கேட்கும். வரைபடத்தில் தூரத்தைக் காட்டி, நாம் பத்திரமாக இருக்கிறோம் என்று முதலில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டார் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று தனியே விசாரியுங்கள். 2003இல் நான் செய்யத் தவறியது அந்த ஒரு விசாரிப்புத்தான்.

இன்று நடக்கும் எந்தப் போருக்கும் நான்கு கட்டங்களைப் போட்டால் மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கும். அதை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். காலியாக விட்டு, கீழே அன்றைய தேதியைப் போட்டு, பிள்ளைகள் தங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பேடு அவர்களிடம் இருந்தால், பத்து ஆண்டு கழித்து யாராவது ஒருவர் எடுத்து நிரப்புவார்.